ஸ்கேன் புரோப் பிடிக்கும் முன்

குமரி மாவட்டத்தின் தேங்காப்பட்டணத்திலோ சின்னமுட்டத்திலோ விசைப்படகில் போகிறவர்களுக்கு, ஒலி அனுப்பி எதிரொலியில் கடலின் ஆழமும் மீனும் காட்டும் எக்கோ சவுண்டர் பழகிய பொருள். 50 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் ஆழம் எட்டும், படம் மங்கும். 200-ல் வைத்தால் படம் தெளியும், ஆழம் எட்டாது. மருத்துவ அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலும் இதே பேரம்தான், அதிர்வெண் மட்டும் மெகாஹெர்ட்ஸில். வயிற்றுக்கு 2 முதல் 5 வரை உள்ள வளைந்த புரோப் (உடம்பில் வைத்துப் பார்க்கும் கைக்கருவி). தைராய்டுக்கும் மார்பகத்துக்கும் 7 முதல் 15 வரை உள்ள, முகம் நேரான லீனியர் புரோப்.

புரோப்பின் முகத்தில் இருக்கும் படிகங்கள் மின்துடிப்பு பட்டால் அதிரும்; எதிரொலி வந்து மோதினால் மின்சாரம் தரும். மென்திசுவில் ஒலியின் வேகம் வினாடிக்கு 1540 மீட்டர் என்று கருவி வைத்துக்கொள்கிறது. எதிரொலி 13 மைக்ரோவினாடியில் திரும்பினால் 1 செ.மீ. ஆழம், 130 என்றால் 10 செ.மீ. போகும் வழியில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும், ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும், ஒலியின் வலு சுமார் அரை டெசிபல் கரைகிறது. 3.5 மெகாஹெர்ட்ஸில் 10 செ.மீ. போய்த் திரும்பினால் இழப்பு 35 டெசிபல், அதாவது ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம். ஆழத்துக்கு ஏற்ப அதைப் பெருக்கத்தான் கருவியின் ஓரத்தில் டிஜிசி பொத்தான்கள். கெயினை, அதாவது இந்தப் பெருக்கத்தை, அளவுக்கு மீறி ஏற்றினால் கருப்பாகத் தெரிய வேண்டிய நீர்க்கட்டி சாம்பல் நிறமாகி, திடக்கட்டி போல ஏமாற்றும்.

மீன் திரையில் பளிச்சென்று விழப் பெரும்பாலும் அதன் காற்றுப்பைதான் காரணம். உடம்புக்குள் அதே காற்றுதான் பகை: திசுவும் காற்றும் சேரும் இடத்தில் ஒலி கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிவிடும், அதற்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. ஜெல் தடவுவது அதனால்தான். 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 'ஒரு சாயாதானே' என்று பால் சேர்த்துக் குடித்துவிட்டு வந்தால் கொழுப்பு பட்டுப் பித்தப்பை சுருங்கிவிடும். உள்ளே இருக்கும் சிறு கல் தப்பிவிடும். கல் வெள்ளையாகத் தெரியும், பின்னால் கருநிழல் விழும். ஆளை இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்தால் உருளும். உருளாமல், நிழலும் இல்லாமல் சுவரோடு ஒட்டியே இருந்தால் சதை வளர்ச்சியாக இருக்கலாம். பித்தப்பையின் கழுத்தில் சிக்கிய கல்லும் உருளாது. ஆகவே உருளுவதையும் நிழலையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பி.எஸ்சி. ரேடியாலஜி முடித்து வெளிநாட்டில் சோனோகிராபர் (இந்த ஸ்கேன் எடுப்பவர்) ஆக நினைக்கும் பிள்ளைகள் இங்கே நிறைய. ஃபீஸ் கட்டும் முன் சட்டத்தைப் பாருங்கள். 1994-ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி இந்தியாவில் தனியாக ஸ்கேன் செய்யும் உரிமை தகுதி பெற்ற மருத்துவருக்கே. 2014 விதிகளின் ஆறு மாதப் பயிற்சியும் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்குத்தான். ஆகவே 'ஆறு மாதத்தில் சோனோகிராபர்' என்ற விளம்பரம் டெக்னீஷியனுக்கு இந்த ஊரில் எந்த உரிமையும் வாங்கித் தராது. அமெரிக்காவில் சோனோகிராபர்களுக்குச் சான்று தரும் ஏ.ஆர்.டி.எம்.எஸ். அமைப்பின் சான்றுக்கு இரண்டு தேர்வு: ஒன்று மேலே சொன்ன இயற்பியல், மற்றது வயிறு, மகப்பேறு போன்ற ஒரு துறை. பிரிட்டனில் பெரும்பாலும் ரேடியோகிராபர் ஆன பின் முதுநிலைப் படிப்பு.

தோள்வலி இந்த வேலையின் நிரந்தரக் கூட்டாளி. கட்டிலைத் தாழ்த்தி, ஆளை உங்கள் பக்கம் நெருக்கிப் படுக்க வையுங்கள். கை உடம்பிலிருந்து 30 பாகைக்கு மேல் விலகக் கூடாது. புரோப்பை இறுக்கிப் பிடிக்காதீர்கள். கையில் ஜெல் ஒட்டினால் உடனே துடையுங்கள், வழுக்க வழுக்கத்தான் பிடி இறுகும்.