டிஜிட்டல்: விரல்ல பொறந்து ஈசிஜி வரைக்கும் வந்த சொல்

டிஜிட்டல் ஈசிஜி (இதயத்துல ஓடுற மின்சாரத்த கோடா காட்டுறது), டிஜிட்டல் ஸ்டெதஸ்கோப், டிஜிட்டல் பிபி மெஷின்னு இப்ப குன்னூர் கோத்தகிரி பக்கம் சின்ன கிளினிக்ல கூட காதுல விழுது. இதுக்கு தமிழ்ல என்னன்னு கேட்டா பாதிப்பேர் மின்னணுன்னு சொல்லிடுறாங்க. அது சரியா வராதுங்க, ஏன்னு சொல்றேன்.

லத்தீன்ல டிஜிட்டஸ்னா விரல். விரல் விட்டுத்தான எண்ணுறோம், அதனால 0ல இருந்து 9 வரைக்கும் இருக்கிற இலக்கத்துக்கும் இங்கிலீஷ்ல டிஜிட்னு பேர் ஆயிடுச்சு. கம்ப்யூட்டர் அர்த்தம் ரொம்ப லேட். 1942ல அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ங்கிற ஆராய்ச்சிக்கூடத்துல வேலை பாத்த ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ்தான், மின் துடிப்ப எண்ணி கணக்கு போடுற கருவிகள 'பல்ஸ்' (துடிப்பு) கருவின்னு சொல்றது பொருத்தமா இல்ல, டிஜிட்டல்னு சொல்லலாம்னு எழுதினாரு. பல்ஸ வெளிய தள்ளிட்டு வந்த சொல்லு, இன்னைக்கு பல்ஸ் பாக்குற டாக்டர் ரூம்லயே வந்து உக்காந்திருக்கு பாருங்க.

ஆனா ஹார்ட் டாக்டருங்களுக்கு இந்த வேர்ச்சொல் அதுக்கெல்லாம் முன்னாடியே பழக்கம். நம்ம ஊட்டி பக்கம் பங்களா தோட்டத்துல ஃபாக்ஸ்குளோவ்னு ஒரு செடி பாத்திருப்பீங்க, ஒரே தண்டுல வரிசையா ஊதாப் பூ தொங்கும், உள்ளுக்குள்ள புள்ளி புள்ளியா இருக்கும், ஆள்காட்டி விரல விட்டா கச்சிதமா நுழையும். ஜெர்மன்காரங்க அத டெய்லர் விரல்ல மாட்டுற அங்குஸ்தான் பேர்லயே கூப்பிடுறாங்க, அதப் பாத்து லியோன்ஹார்ட் ஃபுக்ஸ்னு ஒரு ஜெர்மன் டாக்டர் 1542ல லத்தீன்ல டிஜிட்டாலிஸ்னு பேர் வெச்சாரு. உடம்புல நீர் கோத்து வீங்குறவங்களுக்கு இந்த இலைய குடுத்து பாத்தத வில்லியம் விதரிங்னு ஒரு இங்கிலீஷ் டாக்டர் 1785ல எழுதி வெச்சாரு. டிகாக்சின் மாத்திரை இதே செடி குடும்பத்துல இருந்து வந்ததுதான், இன்னைக்கும் சில ஹார்ட் பேஷண்ட்டுக்கு எழுதுறாங்க. (தோட்டத்துல இருக்குன்னு இலைய பறிச்சு கஷாயம் வெச்சிடாதீங்க, கடுமையான விஷம்.)

சரி, தமிழுக்கு வருவோம். சிங்கப்பூர்ல மின்னிலக்கம்னு எழுதுறாங்க, இலங்கையில இலக்கமுறை, இணையத்துல நம்மாளுங்க எண்ணிமம், நம்ம ஊர்ல டிஜிட்டல் லைப்ரரிக்கு மின்னூலகம்னு சொல்றோம். லைப்ரரிக்கு 'மின்' போதும்ங்க, ஈசிஜிக்கு போதாது. ஏன்னா ஈசிஜி பொறந்ததுல இருந்தே மின்தான். 1905லயே நெதர்லாந்துல, ஈசிஜிக்கு வழி போட்ட ஐந்தோவன், ஆஸ்பத்திரியில இருந்தவரோட இதய மின்னோட்டத்த டெலிபோன் கம்பி வழியா ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருந்த தன்னோட லேபுக்கு கொண்டுவந்து பதிவு பண்ணாரு. அதுல கரண்ட் இருந்துச்சு, எண் இல்ல. கோடு மட்டும்தான்.

இப்ப இருக்கிற மெஷின் பொதுவா செகண்டுக்கு 500 தடவ வோல்டேஜ அளந்து எண்ணா எழுதுது, 10 செகண்ட் எடுத்தா ஒரு லீடுக்கு (இதயத்த ஒரு கோணத்துல இருந்து பாக்குற பதிவு) 5000 எண், மொத்தம் 12 லீட். நம்ம கண்ணுக்கு தெரியுற கோடு அந்த எண்ணுல இருந்து வரைஞ்சு காட்டுறது. ஏஐ படிக்கிறது அந்த எண்ணத்தான், 2019ல அமெரிக்காவுல மேயோ கிளினிக் ஆஸ்பத்திரி ஆளுங்க வெளியிட்ட ஆய்வுல, பம்பிங் குறைஞ்ச இதயத்த சாதா ஈசிஜியில இருந்தே அது கண்டுபிடிச்சு காட்டுச்சு, அனுபவமுள்ள டாக்டர் கண்ணுக்கே அது அந்தக் கோட்டுல தெரியாது. டாக்டர் படிப்புலயும் இதே கததான், முன்னாடி ஒரு பேஷண்ட்டோட நெஞ்சுல ஸ்டூடண்ட்ஸ் ஒவ்வொருத்தரா குனிஞ்சு கேக்கணும், இப்ப மர்மர் சத்தத்த (துடிப்புக்கு நடுவுல கேக்குற இரைச்சல்) பதிவு பண்ணி மொத்த கிளாசும் ஒரே நேரத்துல கேக்குது. ஈசிஜி பேப்பர்ல கட்டம் எண்ணி துடிப்பு ரேட் சொல்றத மட்டும் இன்னும் விடல, விடவும் கூடாது.

அதனால என் ஓட்டு எண்ணிமத்துக்கு. எண்ணிம ஈசிஜி, எண்ணிம ஸ்டெதஸ்கோப். 'எண்ணிமம்னா எண்ணமா'ன்னு ஒரு தம்பி கேட்டான், தப்பில்லப்பா, ரெண்டும் ஒரே எண்ணுதான். மின்னிலக்கமும் மோசமில்ல, சொன்ன உடனே புரியுது, ஆனா அந்த 'மின்' அங்கயும் சும்மாதான் நிக்குது.

இந்த வித்தியாசம் மலையில இருக்கிற நமக்கு நெசமாவே வேணும். எஸ்டேட் பக்கம் ஒரு அண்ணன் அவங்கப்பாவோட ஈசிஜி பேப்பர் மங்கிட்டே வருதேன்னு லேமினேட் பண்ண குடுத்தாரு, அது சூட்டுல அச்சாகுற பேப்பர், மெஷின்ல விட்டதும் முழுசா கருத்துப்போச்சு. போட்டோ எடுத்து வாட்ஸப்ல கோயம்புத்தூருக்கு அனுப்புறதும் அவசரத்துக்கு ரொம்ப நல்லது, டாக்டர் பாத்துடுவாரு, ஆனா போறது கோட்டோட படம், பின்னாடி இருந்த எண் போகல. படத்த வெச்சே படிக்கிற ஏஐயும் வந்திருக்கு, இருந்தாலும் பேப்பர் கசங்கி நிழல் விழுந்திருந்தா அதுவும் தடுமாறும். அதனால மெஷின் எண்ணிமமா இருந்தா பேப்பரோட சேத்து அந்த எண் இருக்கிற ஃபைலையும் கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க.