சுருதி போகும் வழியில் காசைப் போடுங்கள்

தனித்தனி மாடுல்களை வயரால் இணைத்து வாசிக்கும் மின்னிசைக் கருவிதான் மாடுலர் சிந்தசைசர். அதற்கு ஸ்வரத்தை உண்டாக்கும் ஆஸிலேட்டரைச் சொந்தமாகச் செய்ய உட்கார்ந்தால், பாகங்களின் பட்டியல் ஐம்பது அறுபது வரிக்கு நீளும். சிலர் எல்லாவற்றிலும் உசத்தியானதையே வாங்குவார்கள். சிலர் எல்லாவற்றிலும் மலிவானதை. இரண்டுமே வீண் வேலை. அந்தப் பட்டியலில் சுருதியைத் தீர்மானிப்பவை ஏழெட்டுப் பாகங்கள்தான். அவற்றை அடையாளம் கண்டுகொண்டால் மிச்சத்தை எந்தக் கடையிலும் வாங்கலாம். தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அரிய பாகங்கள் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். கூரியர் செலவு பாகத்தின் விலையை மிஞ்சிவிடும். போதாக்குறைக்கு நம் ஊர்க் கோடைப் புழுக்கம் வேறு.

இந்தக் கருவிகளில் வோல்ட்டேஜ்தான் ஸ்வரம். சிந்தசைசர் முன்னோடி ராபர்ட் மூக் 1960களில் கொண்டுவந்த கணக்குதான் இன்றைய யூரோராக் என்ற மாடுலர் வகையிலும் ஓடுகிறது: ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏறவேண்டும். ஸ்தாயியில் 12 அரைஸ்வரம், ஒவ்வொன்றுக்கும் சுமார் 83 மில்லிவோல்ட். அரைஸ்வரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு சென்ட். அது ஒரு மில்லிவோல்ட்கூட இல்லை. ஐந்து சென்ட் விலகினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். வீட்டில் சுருதிப்பெட்டி இருந்தால் ஆஸிலேட்டரை அதனோடு சேர்த்து ஒலிக்கவிட்டுப் பாருங்கள். 440 ஹெர்ட்ஸில் ஐந்து சென்ட் விலகலுக்கு நொடிக்கு ஒரு தடவைக்கு மேல் ஒலி அலையடிக்கும். காது அதை விடாது.

ஸ்தாயி ஏறுவது என்றால் அதிர்வெண் இரட்டிப்பாவது: 110, 220, 440. ஆக ஒவ்வொரு வோல்ட்டுக்கும் மின்னோட்டம் இரட்டிப்பாக வேண்டும். இந்த வேலையை ஒரு சாதாரண டிரான்சிஸ்டர் பிறவியிலேயே செய்யும். அதன் மூன்று கால்களில் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 18 மில்லிவோல்ட் கூட்டினால், ஓடும் மின்னோட்டம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வருகிற ஒரு வோல்ட்டை இரண்டு ரெசிஸ்டர்களால் 18 மில்லிவோல்ட்டாகச் சுருக்கிக் கொடுத்தால் போதும்.

சிக்கல் வெப்பத்தில் இருக்கிறது. டிரான்சிஸ்டர் நல்ல தெர்மாமீட்டரும்கூட. அதே மின்னோட்டத்துக்கு வேண்டிய வோல்ட்டேஜ் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். 18க்கு ஒரு ஸ்தாயி என்றால், 2க்கு ஒன்றே கால் அரைஸ்வரத்துக்கும் மேல். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் தகரக் கூரை போட்ட கராஜ் ஒன்று காலையில் 22 டிகிரி, மதியம் 32 என்று வையுங்கள். ஸ்வரம் ஒரு ஸ்தாயியையே தாண்டி நழுவிவிடும்!

இதற்குத்தான் ஜோடி டிரான்சிஸ்டர். ஒன்றின் நழுவலை மற்றொன்று கழித்துவிடும், இரண்டும் ஒரே குணமாகவும் ஒரே சூட்டிலும் இருந்தால். பிசி547 என்ற டிரான்சிஸ்டர் ஒரு கட்டு வாங்கி, எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டத்தை ஓடவிட்டு, பேஸ்-எமிட்டர் வோல்ட்டேஜ் ஒன்றிரண்டு மில்லிவோல்ட்டுக்குள் ஒத்துப்போகிற இரண்டைப் பொறுக்குங்கள். விரலால் பிடிக்கக் கூடாது, சாமணத்தால் பிடிக்கவேண்டும். விரல் சூடு பட்டாலே அளவு ஓடும். அது நிலைக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். பிறகு இரண்டையும் முகத்தோடு முகம் ஒட்டிவிடலாம்.

அப்புறமும் ஒரு மிச்சம் இருக்கிறது. அந்த 18 மில்லிவோல்ட்டே டிகிரிக்கு 0.33 சதவீதம் வளரும். பத்து டிகிரி மாறினால், நடு ஸ்வரத்திலிருந்து ஐந்து ஸ்தாயி தள்ளி வாசிக்கும்போது இரண்டு அரைஸ்வரம் பிசகும். இதைச் சரிக்கட்ட, சூடு ஏற ஏற அதே விகிதத்தில் தடையும் ஏறும் டெம்ப்கோ ரெசிஸ்டரை ஜோடியின் மேலேயே ஒட்டி வைப்பார்கள். பட்டியலிலேயே விலை உறுத்துகிற ரெசிஸ்டர் இதுதான். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். இந்தத் தலைவலியே வேண்டாம் என்பவர்கள் ஆஸிலேட்டருக்கென்றே செய்த சிஇஎம்3340 சிப்பையோ, லாத்வியாவில் செய்யப்படும் ஏஎஸ்3340ஐயோ வாங்கலாம். வெப்ப ஈடு உள்ளேயே இருக்கிறது. மேல்முகத்தைத் தேய்த்து வேறு எண் அச்சடித்த போலிகள் உலவுவதால், நம்பிக்கையான இடத்தில் மட்டும் வாங்குங்கள்.

மற்ற ரெசிஸ்டர்களில், வோல்ட்டேஜ்கள் வந்து கூடும் இடத்தில் இருக்கும் 100 கிலோஓம்கள் மட்டும் முக்கியம். இரண்டு உள்ளீடுகளுக்கு இடையே ஒரு சதவீதம் வித்தியாசம் இருந்தால் ஸ்தாயிக்கு 12 சென்ட் பிசகும். ஆனால் அவை சரியாக 100 கிலோவாக இருக்கவேண்டியதில்லை, ஒன்றுக்கொன்று சமமாக இருந்தால் போதும். ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் நூறு வாங்கி மல்ட்டிமீட்டரில் பார்த்துப் பொறுக்குவது, 0.1 சதவீதம் வாங்குவதைவிட மலிவு.

ஆஸிலேட்டரின் நடுவில் நிரம்பிக் காலியாகும் கெப்பாசிட்டருக்கு சி0ஜி செராமிக் அல்லது பாலிஸ்டைரீன். சி0ஜி பத்து டிகிரிக்கு அரை சென்ட்தான் நகரும், பாலியெஸ்டர் ஏழு சென்ட் வரை போகலாம். எக்ஸ்7ஆர் செராமிக் இந்த இடத்துக்கு ஆகவே ஆகாது. வெப்பத்துக்கும் மாறும், அதில் ஏறும் வோல்ட்டேஜுக்கும் மாறும். அதே எக்ஸ்7ஆர் சிப்பின் பவர் காலுக்குப் பக்கத்தில் 100 நானோஃபாரடாக நின்றால் பிரமாதம். பாத்திரமறிந்து பிச்சையிடு என்பது இதற்கும் பொருந்தும்.

டர்பன்காரர்கள் தனியாகக் கவனிக்கவேண்டியது சாம்பிள் அண்ட் ஹோல்டு. ஒரு வோல்ட்டேஜைப் பிடித்து கெப்பாசிட்டரில் வைத்துக்கொள்ளும் மாடுல் அது. கெப்பாசிட்டர் 10 நானோஃபாரடு, அதைப் படிக்கும் டிஎல்072 என்ற ஆப்-ஆம்ப் (பெருக்கி சிப்) 65 பிக்கோஆம்பியர் கசியவிட்டால் நொடிக்கு 6.5 மில்லிவோல்ட், சுமார் 8 சென்ட். பரவாயில்லை. ஆனால் பற்றவைக்க உதவிய ஃப்ளக்ஸ் பிசின் போர்டில் அப்படியே இருந்து, ஜனவரி ஈரத்தையும் குடித்தால் என்ன ஆகும்? அந்தப் பிசுக்கு ஒரு கிகாஓம் தடையாக நின்றால்கூட, ஒரு வோல்ட்டுக்கு நொடிக்கு 100 மில்லிவோல்ட் வடிந்துவிடும். அதாவது ஓர் அரைஸ்வரத்துக்கும் மேல். இங்கே விலை உயர்ந்த பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டரைவிட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும்தான் உதவும்.

வால்யூம் குமிழ்கள், எல்இடி ரெசிஸ்டர்கள், ஒலி மட்டுமே போகும் பாதை இவற்றுக்கெல்லாம் கைக்குக் கிடைத்தது போதும். நம் ஊரில் பிறந்த க்கொம் நடன இசைக்குக் கிக் டிரம் மாடுல் செய்கிறீர்களா, ஐந்து சதவீத ரெசிஸ்டரே தாராளம். பவர் கேபிளைத் திருப்பிச் செருகினால் எல்லாமே புகைந்துவிடும் என்பதால் மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் இரண்டு ஷாட்கி டயோடுகளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஜோடி சேராமல் ஒதுங்கிய டிரான்சிஸ்டர்களையும் எறியவேண்டாம். இரைச்சல் மாடுலில் டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டரைத் தலைகீழாக மாட்டி, அது உடைந்து சீறும் ஒலியைத்தான் பெருக்குகிறோம். இதற்கு எண் பார்த்து வாங்கமுடியாது, ஒரே கட்டில் ஒன்று முனகும், இன்னொன்று இரையும். சாக்கெட்டில் ஒவ்வொன்றாகச் செருகிக் கேட்டு, அதிகமாகக் கத்துவதை வைத்துக்கொள்ளுங்கள்.