ஒரு முன்விளக்குக்கு 74 நாள்

மலேசியாவின் கிள்ளானில் ஒரு பட்டறையின் பின்பக்கம், தூங்குமூஞ்சி மரத்தடியில் அந்தக் கார் நின்றது. வாங்கி ஏழு மாதம்கூட ஆகாத சீன மின்சாரக் கார். சமிக்ஞை விளக்கருகே மோட்டார் சைக்கிள் இடித்ததில் இடப்பக்க முன்விளக்கு உடைந்திருந்தது, பம்பரில் ஒரு கீறல், அவ்வளவுதான். பார்த்து அறிக்கை எழுத எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. அந்த விளக்கு வந்து சேர 74 நாள் ஆனது. இரண்டாம் முறை நான் போனபோது பானெட் முழுக்க இலையும் பறவை எச்சமும். விளக்கு இருந்த ஓட்டையைப் பிளாஸ்டிக் பையால் மூடி டேப் ஒட்டியிருந்தார்கள். காருக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். "தம்பி, கார் நல்ல கார்தான். ஓட்டத்தான் முடியலை" என்றார். மாதத் தவணை மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

விபத்துக்குள்ளான கார்களைப் பார்த்து, காப்புறுதி நிறுவனங்களுக்குச் சேத அறிக்கை எழுதுவது என் வேலை. 19 ஆண்டுகளாகச் செய்கிறேன். கடந்த மூன்று ஆண்டுகளில் என் மேசைக்கு வரும் கோப்புகளில் சீனக் கார்க் கம்பெனிகளின் பெயர்கள் கூடிக்கொண்டே போகின்றன. "இந்தக் கம்பெனிகள் வெளிநாட்டில் நிலைத்து நிற்குமா?" என்று உறவினர்கள்கூடக் கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் விலையையும், ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதையும் பற்றியே பேசுகிறார்கள். நான் பார்த்த வரைக்கும், யார் நிற்பார்கள் என்பதை உதிரிபாகக் கிடங்குதான் முடிவு செய்யப்போகிறது.

முதலில் அவர்கள் ஏன் இத்தனை வேகமாக வெளியே வருகிறார்கள் என்று பார்க்கலாம். சீனாவுக்குள் விலைப்போர் கழுத்தை நெரிக்கிறது. சீனக் கார்க் கம்பெனியான பிஒய்டியின் சின்னக் கார் சீகல், சீனாவில் 69,800 யுவானுக்கு விற்றது. அதே காரைக் கொஞ்சம் மாற்றி டால்ஃபின் சர்ஃப் என்ற பெயரில் 2025இல் ஜெர்மனிக்குக் கொண்டுபோனபோது ஆரம்ப விலை 22,990 யூரோ. யூரோவில் கணக்குப் பார்த்தால் இரண்டரை மடங்குக்கு மேல். ஐரோப்பிய ஒன்றியம் 2024 அக்டோபர் கடைசியில் வழக்கமான 10 விழுக்காட்டு வரிக்கு மேல் பிஒய்டிக்கு 17, மற்ற சீனக் கம்பெனிகளான ஜீலிக்கு 18.8, எஸ்ஏஐசிக்கு 35.3 விழுக்காடு கூடுதல் வரி போட்டது. அப்படியும் அங்கே விற்பது அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது. அமெரிக்கா 100 விழுக்காடு வரி போட்டுக் கதவை மூடிவிட்டது. ஆக, மீதியுள்ள கார்கள் தாய்லாந்து, மலேசியா, பிரேசில் என்று மற்ற நாடுகளுக்கெல்லாம் போகின்றன. பிஒய்டி 2024இல் வெளிநாடுகளில் விற்றது நான்கு லட்சத்துச் சொச்சம். 2025இல் அது பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது.

சிக்கல் அந்த வேகத்திலேயே இருக்கிறது. நம் ஊர்க் காரான பெரோடுவா மைவிக்கு விளக்கு வேண்டுமென்றால் நாலு கடை ஏறி இறங்கினால் மாலைக்குள் கிடைத்துவிடும். கடையில் இல்லையென்றால் பழைய காரைக் கழற்றி விற்கிறவரிடம் இருக்கும். 2005இலிருந்து ஓடுகிற கார், அதன் பாகங்கள் ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. புதிய பிராண்டுக்கு அந்தப் பின்புலம் கிடையாது. ஜப்பானியர்கள் நான்கைந்து ஆண்டில் கொண்டுவரும் புது மாடலைச் சீனர்கள் இரண்டு ஆண்டுக்குள் முடித்துவிடுகிறார்கள். போன வருட மாடலின் விளக்கு இந்த வருட மாடலுக்குப் பொருந்தாது. எந்தப் பாகத்தை எத்தனை வாங்கி வைப்பது என்று விநியோகஸ்தருக்கே தெரிவதில்லை. பிறகு ஒவ்வொரு விளக்கும் கப்பலுக்குக் காத்திருக்கிறது.

இதைவிடப் பெரிய பயம், கம்பெனியே இல்லாமல் போவது. தாய்லாந்தில் நேட்டா நன்றாக விற்ற பிராண்டு. மலேசியாவிலும் 2023இல் நேட்டா வி வந்தது. அதன் சீனத் தலைமை நிறுவனமான ஹோசோன் 2025 ஜூனில் திவால் நடவடிக்கைக்குள் போனது. தாய்லாந்தில் கார் வாங்கியவர்கள் பாகமும் சர்வீஸும் கிடைக்காமல் அலைந்தார்கள். தங்களுக்கு வரவேண்டிய பணம் நின்றுபோனதாக டீலர்களும் புகார் சொன்னார்கள். சீனாவிலேயே டபிள்யூஎம் மோட்டார் 2023 அக்டோபரில் திவால் மனு போட்டபோது, காரோடு இணைந்த கைப்பேசிச் செயலி வேலை செய்யவில்லை என்று உரிமையாளர்கள் புலம்பினார்கள். 2024இல் சீனாவில் மின்சார, பிளக்-இன் ஹைபிரிட் (பெட்ரோலிலும் ஓடும், சார்ஜும் போடலாம்) கார் விற்ற 129 பிராண்டுகளில் 15 மட்டுமே 2030இல் சொந்தக் காலில் நிற்கும் என்பது ஆலிக்ஸ்பார்ட்னர்ஸ் என்ற ஆலோசனை நிறுவனத்தின் கணிப்பு. எட்டு ஆண்டு பேட்டரி உத்தரவாதம் என்று விளம்பரத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வருகிறது.

இப்போது பேட்டரி. போன வருடம் சிரம்பான் பக்கம் இரவு நெடுஞ்சாலையில், லாரியிலிருந்து விழுந்த இரும்புத் துண்டின் மேல் ஒரு பெண்மணியின் கார் ஏறிவிட்டது. திரையில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. வீட்டுக்கு ஓட்டிப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து ஏதோ நெருட, என்னைக் கூப்பிட்டார். பட்டறையில் காரைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தால், பேட்டரிப் பெட்டியின் அடித்தகட்டில் ஒரு சாண் நீளத்துக்குப் பள்ளம். பக்கத்தில் குளிர்விக்கும் திரவம் கசிந்து காய்ந்த வெள்ளைத் தடம். "இதுக்குப் போயா முழு பேட்டரியும் மாத்தணும்?" என்று அவர் கேட்டார். மாற்றத்தான் வேண்டியிருந்தது. பெட்டி நசுங்கினால் உள்ளே செல்களுக்கு என்ன ஆனது என்று திறக்காமல் சொல்ல முடியாது, திறந்து பழுதுபார்க்க இங்கே அனுமதி பெற்றவர்கள் மிகக் குறைவு. பேட்டரியின் மேல்மூடியே காரின் தரையாக இருக்கும் மாடல்களும் வந்துவிட்டன. ஓட்டத்துக்கு அது அருமையான வடிவமைப்பு, பழுதுபார்க்கிறவனுக்குத் தலைவலி. அந்தப் பேட்டரிக்கு வந்த விலைப்பட்டியல் காரின் விலையில் பாதியை நெருங்கியது.

அதனால் அடியில் எதாவது தட்டினால், திரை சும்மா இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். தூக்கிப் பார்க்கும்வரை சார்ஜ் போடாதீர்கள். இடத்தையும் அடிபட்ட பாகத்தையும் படமெடுத்து வையுங்கள்.

காப்புறுதி எடுக்கும்போது சந்தை மதிப்புக்கு எடுக்காமல், ஒப்புக்கொண்ட மதிப்புக்கு, அதாவது காப்புறுதி எடுக்கும்போதே பேசி முடிவான தொகைக்கு எடுங்கள். சீனக் கார்களுக்கு இது ரொம்ப முக்கியம். 2024இல் தாய்லாந்தில் பிஒய்டி விலையைக் குறைத்ததும், ஏற்கெனவே வாங்கியவர்கள் கொதித்துப்போய் அரசாங்கமே விசாரிக்கும் அளவுக்குப் போனது. புதுக் கார் விலை இறங்கினால் உங்கள் காரின் சந்தை மதிப்பும் இறங்கும், முழு இழப்பு என்றால் கையில் வரும் தொகை வங்கிக் கடனைக்கூட அடைக்காது. வெள்ளத்துக்கான கூடுதல் பாதுகாப்பையும் கேட்டு வாங்குங்கள். வழக்கமான முழுமைக் காப்புறுதியில் அது சேராது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் மூழ்கியபோது அதைத் தெரிந்துகொண்டவர்கள் ஏராளம்.

இவ்வளவு சொன்னதால் வாங்கவே கூடாது என்று நினைத்துவிட வேண்டாம். ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த விலைக்கு இந்தத் தரம் வேறு யாரும் தரவில்லை. உள்ளூரில் வேர் பிடிக்கிறவர்கள் நிற்பார்கள் என்றே நம்புகிறேன். பிஒய்டி 2024 ஜூலையில் தாய்லாந்தின் ராயோங்கில் ஆண்டுக்கு 150,000 கார் செய்யும் ஆலையைத் திறந்தது, ஹங்கேரியின் செகெட்டிலும் ஓர் ஆலை கட்டத் தொடங்கியது. ஜீலி 2017இலேயே மலேசியக் கார்க் கம்பெனி புரோட்டோனில் 49.9 விழுக்காட்டுப் பங்கு வாங்கியது. ஜீலியின் தொழில்நுட்பத்தில் வந்த புரோட்டோனின் மின்சாரக் கார் இமாஸ் 7 இப்போது இங்கேயே தஞ்சோங் மாலிமில் தயாராகிறது. பக்கத்தில் ஆலை இருந்தால் பாகமும் பக்கத்தில் இருக்கும். உள்நாட்டில் பாகங்களை இருப்பு வைத்திருக்கும் ஒரு சீன பிராண்டின் கதவு ஒன்றுக்கு நான்கே நாளில் பாகம் வந்ததையும் இந்த வருடம் பார்த்தேன்.

அந்த ஆசிரியர் மகளுக்கு இப்போது கார் தேடுகிறார். மறுபடியும் மின்சாரக் கார்தான் வேண்டுமாம். "என்ன கேக்கணும்னு எழுதிக் குடு தம்பி" என்றார். மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். முன்விளக்கு, முன் பம்பர், பேட்டரி மூன்றும் என்ன விலை, அவை நாட்டுக்குள் இருப்பில் உண்டா. விநியோகஸ்தர் மாறினால் உத்தரவாதத்துக்கு யார் பொறுப்பு என்று எழுத்தில் தருவீர்களா. பேட்டரிப் பெட்டியைத் திறக்க அனுமதி பெற்ற பட்டறை எங்கே. இரண்டு ஷோரூமில் கேட்டிருக்கிறார். ஒன்றில் அங்கேயே கணினியில் பார்த்து அச்சடித்துக் கொடுத்தார்களாம். இன்னொன்றில், கேட்டுச் சொல்கிறோம் என்று கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு மூன்று வாரம் ஆகிவிட்டது.