சேற்றுக்குள் துழாவும் அலகு

கடலோரச் சரணாலயத்தில் பறவை பார்க்க விடியற்காலையிலேயே கிளம்பிவிடுகிறோம். காட்டுப் பறவைகளுக்கு அது சரி. சேற்றுவெளியில் மேயும் உள்ளான் என்ற நீண்ட அலகுக் கரைப்பறவைகளுக்கோ சூரியனைவிடக் கடலின் ஏற்றவற்றம்தான் முக்கியம். அவற்றின் அலகு வேலை செய்யும் விதம் அப்படி.

உள்ளானின் அலகு நுனி எலும்பில் நுண்ணிய குழிகள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. குழிகளுக்குள் இருப்பவை ஹெர்ப்ஸ்ட் உணர்விகள். அழுத்தத்தையும் அதிர்வையும் உணர்பவை. சேற்றுக்குள் புழு நெளிந்தால் அந்த அதிர்வு அலகுக்குத் தெரிந்துவிடும். அசையாமல் கிடக்கும் மட்டி? நாட் என்ற உள்ளான் வகையைக் கொண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் செய்த சோதனை 1998-ல் வெளியானது. ஈர மணலில் புதைத்த மட்டியையும் கல்லையும்கூட அந்தப் பறவைகள் கண்டுபிடித்தன. காய்ந்த மணலில் முடியவில்லை. அலகைச் செருகும்போது மணல் துகள்களுக்கு இடையே உள்ள நீர் தள்ளப்படுகிறது. வழியில் கடினமான பொருள் இருந்தால் நீரின் ஓட்டம் தடைபட்டு அழுத்தம் மாறுகிறது. அந்த மாற்றத்தை அலகு உணர்கிறது என்பதே அவர்கள் தந்த விளக்கம். அதாவது, இரையைத் தொடாமலே அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது! எனக்கு இது யானையின் துதிக்கைக்குக் குறையாத அதிசயம்.

அதே கரையில் மேயும் உப்புக்கொத்தி என்ற பறவைகளின் வழி வேறு. அலகு குட்டை, கண்கள் பெரியவை. ஓடும், சட்டென நிற்கும், கொத்தும். தொலைவில் நிறம் தெரியாவிட்டாலும் இந்த நடையை வைத்தே அவற்றைப் பிரித்தறியலாம்.

ஈரச் சேறுதான் உள்ளான்களின் மேய்ச்சல் நிலம் என்பதால் பல பறவைகள் நீர்விளிம்பைத் தொடர்ந்தே நகர்கின்றன. வற்றத்தில் வெகுதூரம் போய்ச் சிதறிவிடும். ஏற்றம் உச்சத்தைத் தொடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் அமர்ந்துவிடுங்கள். ஏறும் நீர் அவற்றை உங்கள் பக்கம் கொண்டுவரும். பெரும்பாலான கரைகளில் ஏற்றம் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். அதனால் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும்.

அப்புறம், நீர் நிறைந்ததும் மேட்டில் கூடி ஓய்வெடுக்கும் கூட்டத்தை நெருங்க வேண்டாம். 2022-ல் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவையின் இளம்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை சுமார் 13,560 கி.மீ. தூரத்தை நிற்காமல் பறந்து கடந்தது. அதற்கான எரிபொருள் சேற்றுவெளியில் தின்று சேர்த்த கொழுப்புதான். ஒவ்வொரு முறை கூட்டம் பதறி எழும்போதும் அந்தச் சேமிப்பில் கொஞ்சம் கரைகிறது. தலைகள் நிமிர்ந்தாலே இரண்டடி பின்வாங்கிவிடுங்கள்.