'சொந்தப் பொறுப்பில்' போடும் கையெழுத்து: நோயுற்ற பிள்ளைக்கு வைத்தியம் வேண்டாம் என்று பெற்றோர் சொல்லலாமா?

தஞ்சாவூரோ, கும்பகோணமோ, திருவாரூரோ, எந்த ஊர் ஆஸ்பத்திரியானாலும் வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான்: "மருத்துவர் எடுத்துச் சொல்லியும், எங்கள் சொந்தப் பொறுப்பில் குழந்தையை அழைத்துச் செல்கிறோம்." கீழே அப்பாவின் கையெழுத்தோ கைநாட்டோ இருக்கும். இனி யாரும் நம்மைக் கேட்க முடியாது என்று பெற்றோர் நினைக்கிறார்கள். இனி நமக்கு வேலையில்லை என்று மருத்துவமனையும் சில நேரம் நினைக்கிறது. இரண்டு பேர் நினைப்பதும் பாதிதான் சரி.

18 வயது முடியாத பிள்ளைக்குச் சிகிச்சை தர, பெற்றோரிடமோ சட்டப்படியான பாதுகாவலரிடமோ மருத்துவமனை சம்மதம் வாங்குகிறது. அறுவை சிகிச்சை என்றால் அதை எழுத்தில் வாங்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. சம்மதம் கேட்கிறார்கள் என்றாலே மறுக்கவும் இடம் உண்டு. ஆனால் வெறும் தாளில் வாங்கும் கையெழுத்து சம்மதம் ஆகாது. என்ன செய்யப் போகிறார்கள், என்ன ஆபத்து, மாற்று வழி உண்டா, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் விளக்கிய பிறகு தருவதே சம்மதம் என்று 2008-இல் சமிரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புரியவில்லை என்றால் மறுபடி கேளுங்கள். வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

நம் பக்கத்தில் அடிக்கடி வரும் சிக்கல் ஒன்று. அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார். "அவர் போனில் சொல்லட்டும்" என்று வீட்டில் காத்திருப்பார்கள். காத்திருக்கத் தேவையில்லை. தந்தை பக்கத்தில் இல்லாதபோது தாயும் இயற்கைப் பாதுகாவலரே என்று 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அம்மாவின் கையெழுத்தே போதும். அப்பாயியும் அம்மாச்சியும் எவ்வளவு பாசமாக வளர்த்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அந்த இடம் அவர்களுக்குத் தானாக வந்துவிடாது.

இனி எல்லைக்கு வருவோம். மறுக்கும் உரிமை பிள்ளையின் நலனுக்காகப் பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்களின் சொத்து அல்ல. பாம்புக் கடியை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் தரையில் படுத்திருக்கும் பிள்ளையைக் கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் பல் தடம்கூடத் தெரியாது; கொஞ்ச நேரத்தில் இமை சரியும், பிறகு மூச்சுத் திணறும். ஊசி வேண்டாம், விஷக்கடி வைத்தியரிடம் போகிறோம் என்று தூக்கிச் செல்வது 'ஒரு வைத்தியத்தை விட்டு இன்னொன்றைத் தேர்ந்தெடுப்பது' ஆகாது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் முறிவு மருந்து இருக்கும்போது அதைத் தடுப்பது உயிரோடு விளையாடுவது.

அப்போது மருத்துவர் என்ன செய்வார்? சம்மதம் தர யாரும் இல்லை, நேரமும் இல்லை என்றால், நல்லெண்ணத்தோடு செய்யும் சிகிச்சை குற்றமல்ல என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆவது பிரிவு சொல்கிறது (2024 ஜூலைக்கு முன் இது இந்திய தண்டனைச் சட்டத்தின் 92). பெற்றோர் எதிரிலேயே நின்று மறுக்கும்போது இந்தப் பிரிவு அவ்வளவு எளிதாகப் பொருந்தாது. எனவே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கோ, மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கோ, காவல் துறைக்கோ தகவல் போகலாம். பெற்றோரின் இடத்தில் நின்று முடிவெடுக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. தஞ்சாவூர் மாவட்டம் என்றால் மதுரைக் கிளை. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்றால் சென்னை. பொறுப்பில் இருப்பவர் வேண்டுமென்றே பிள்ளையைக் கவனிக்காமல் விட்டு வேதனைப்படுத்தினால், இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'வேண்டுமென்றே' என்ற சொல்லைக் கவனியுங்கள். காசில்லாமல் கலங்கி நிற்பது அதில் சேராது.

உண்மையில் பெரும்பாலான மறுப்புகளுக்குப் பின்னால் பிடிவாதத்தைவிடக் காசும் களைப்பும்தான் இருக்கின்றன என்பது என் எண்ணம். பிள்ளைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் அதிகம் காணப்படும் வகைக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் மருந்து தேவை. சில மாதங்களிலேயே பிள்ளை தெளிந்து ஓடியாடத் தொடங்கும். நடவு நேரம், கூலி போகும், புதுச்சேரிக்கோ சென்னைக்கோ பஸ் செலவு என்று அப்போதுதான் நிறுத்திவிடுகிறார்கள்; நோய் திரும்புகிறது. நிறுத்துவதற்கு முன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். விவரத்துக்கு 1800 425 3993.

குணமாகாது என்று மருத்துவர்களே சொல்லிவிட்ட நிலை வேறு. பயன் தராத, வலியை மட்டும் கூட்டும் சிகிச்சையை வேண்டாம் என்று சொல்லும் பெற்றோரை யாரும் குற்றவாளியாகப் பார்க்கக் கூடாது. செயற்கைச் சுவாசம் போன்றவற்றை விலக்குவதற்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் வகுத்து 2023-இல் எளிதாக்கிய நடைமுறை இருக்கிறது: குடும்பத்தின் சம்மதத்தோடு இரண்டு மருத்துவக் குழுக்கள் அடுத்தடுத்து ஒப்ப வேண்டும், நீதித்துறை நடுவருக்கும் தெரிவிக்க வேண்டும். வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டால் 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வலி தணிப்புப் பராமரிப்பைக் கேட்கலாம்.

எப்படியானாலும், கையெழுத்துப் போடும் தாளில் ஏன் போகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. பாக்கிப் பணத்துக்காகப் பிள்ளையைப் பிடித்து வைக்க மருத்துவமனைக்கு உரிமையில்லை. நள்ளிரவில் நிலைமை மோசமானால் 108-ஐ அழைத்து அதே மருத்துவமனைக்கே திரும்பலாம். "அன்று நீங்களே கையெழுத்துப் போட்டுப் போனீர்களே" என்று சொல்லி அவசரச் சிகிச்சையை மறுக்க அவர்களால் முடியாது.