குடிமதிப்பு: சென்சஸுக்கு நம்மிடம் இருக்கும் நல்ல சொல்

கிறிஸ்துமஸ் சமயத்தில் தேவாலயத்தில் வாசிப்பைக் கேட்டவர்களுக்கு இந்த வரி நினைவிருக்கும்: "உலகமெங்கும் குடிமதிப்பு எழுதப்படவேண்டுமென்று" அகுஸ்துராயன் கட்டளையிட்டான் என்று வரும். லூக்கா சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரம். யோசேப்பு நிறைமாத மரியாளை அழைத்துக்கொண்டு நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் போவது, அந்தக் குடிமதிப்பில் பேர் எழுதத்தான். அங்கே குடிமதிப்பு என்று தமிழில் நிற்பதுதான் சென்சஸ்.

சென்சஸ் லத்தீன் சொல். அதற்கு மூலம் சென்சேரே என்ற வினை. எண்ணுவது என்பது அதன் பொருள் அல்ல. மதிப்பிடுவது என்பதுதான் பொருள். பழைய ரோமில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடும்பத் தலைவன் அதிகாரி முன்னால் நின்று தன் பெயர், வயது, மனைவி மக்கள், நிலபுலன் எல்லாவற்றையும் சத்தியம் செய்து சொல்லவேண்டும். அவன் என்ன வரி கட்டுவான், படையில் எந்த வரிசையில் நிற்பான், எந்தப் பிரிவில் வாக்களிப்பான் என்பதெல்லாம் அந்தப் பதிவை வைத்தே முடிவாகும். இதை நடத்திய அதிகாரிக்குப் பெயர் சென்சார். குடிமக்களின் நடத்தையைக் கண்காணிப்பதும் அவர் வேலைதான். நம் ஊரில் படத்துக்கு சர்டிஃபிகேட் கொடுக்கும் சென்சாரும் அந்த வேரில் வந்த சொல்லே.

சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் தமிழில் இன்னொரு சொல்லும் புழங்கியது: கானேஷுமாரி. பாரசீகத்தில் கானா என்றால் வீடு, ஷுமாரி என்றால் எண்ணுதல். ஆக, வீட்டெண்ணல். கச்சேரிக் கணக்கில், அதாவது அரசு அலுவலகக் கணக்கில், பாரசீகச் சொற்கள் நிறைந்திருந்த காலத்தின் மிச்சம் அது. இந்தியாவின் முதல் சென்சஸ் என்று 1872-ஐச் சொல்வார்கள். ஆனால் அது பல பகுதிகளில் பல வருஷங்களில் எடுத்ததன் தொகுப்பு. நாடு முழுக்க ஒரே நாளை வைத்து எண்ணியது 1881-இல்தான். இலங்கையில் 1871-லேயே தொடங்கிவிட்டார்கள். பிறகு தமிழ்நாட்டில் ஜனத்தொகைக் கணக்கு என்றாகி, இப்போது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று நிலைத்துவிட்டது. இலங்கை அரசு தொகைமதிப்பு என்கிறது. 'மதிப்பு' அங்கே பத்திரமாக இருக்கிறது.

எனக்குக் குடிமதிப்பு என்ற சொல்லே பிடித்திருக்கிறது. காரணம் 'குடி'. அது தனி ஆளைக் குறிப்பதல்ல, குடும்பத்தை, ஒரு கூரையின் கீழ் வாழ்வோரைக் குறிப்பது. சென்சஸ் நடப்பதும் அப்படித்தான். முதலில் வீடு, அப்புறம் ஆள். 2011 சென்சஸில் வீட்டுப் பட்டியலுக்கு மட்டும் 35 கேள்விகள். கூரை ஓடா கீற்றா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, விளக்கு எரிவது கரண்ட்டிலா மண்ணெண்ணெயிலா, கழிவறை உண்டா, அடுப்பில் எரிப்பது விறகா கேஸா. வீட்டிலுள்ளவர்களைப் பற்றிய கேள்விகள் அதற்குப் பிறகு தனித் தாளில் 29. தலையை மட்டும் எண்ணுவதென்றால் இவ்வளவு எதற்கு? ஒரு குடி எந்த நிலையில் இருக்கிறது என்று மதிப்பதுதான் அந்த வேலையின் பெரும்பகுதி.

1991 பிப்ரவரியில் எங்கள் வீட்டுக்கு வந்தவர் உள்ளூர் தொடக்கப்பள்ளி வாத்தியார். நிலைக்கதவின் மேல் சிவப்பில் ஒரு எண்ணை எழுதிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். அப்பத்தாவிடம் வயது கேட்டபோது அவர், "எனக்கென்னய்யா தெரியும், ருத்ரோத்காரியில பொறந்தவன்னு எங்க ஆத்தா சொல்லும்" என்றார். வாத்தியார் சளைக்கவில்லை. பிரபவ, விபவ என்று தமிழ் வருஷங்களை விரல்விட்டு எண்ணி, ருத்ரோத்காரி என்றால் 1923-24 என்று பிடித்து, 67 என்று எழுதினார். அவசரக்காரர் என்றால் முகத்தைப் பார்த்து எழுபது என்று போட்டிருப்பார். இந்திய சென்சஸில் 60, 65, 70 என்று ஐந்திலும் பூஜ்யத்திலும் முடியும் வயதுகளில் ஆட்கள் குவிந்து கிடப்பது மக்கள்தொகை ஆய்வாளர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எங்கள் அப்பத்தா அந்தக் குவியலில் சேராததற்கு வாத்தியாரின் பொறுமைதான் காரணம்.

குடிமதிப்பு என்றால் குத்துமதிப்பு மாதிரி கேட்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். மதிப்பு என்றாலே இன்று தோராயம் என்ற வாசனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் இங்கே நான்கு சொற்களைப் பிரித்தே வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் போய் விடாமல் எழுதுவது கணக்கெடுப்பு, அல்லது குடிமதிப்பு. சில ஆயிரம் வீடுகளை மட்டும் எடுத்துப் பார்ப்பது 'மாதிரி ஆய்வு'. இருக்கிற தகவலை வைத்து இன்றைய அளவைச் சொல்வது மதிப்பீடு. வருங்காலத்தில் எவ்வளவு ஆகும் என்று சொல்வது கணிப்பு. செய்தித்தாள்களில் இவற்றை ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் போடுகிறார்கள், அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. 2011-இல் தமிழ்நாட்டில் 7,21,47,030 பேர் என்பது எண்ணி எழுதியது. அதற்குப் பிறகு வருஷாவருஷம் சொல்லப்படும் எண்கள் எல்லாம் அதை அடிப்படையாக வைத்துக் கணக்கிட்டவை. 2021-இல் நடக்கவேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக அறிவித்திருக்கிறார்கள்.

எண்ணி எழுதியதற்கும் கணக்கிட்டுச் சொல்வதற்கும் உள்ள தூரத்தை இலங்கைத் தமிழர்களிடம் கேட்கவேண்டும். 2001-இல் போரின் நடுவே எடுத்த தொகைமதிப்பு 25 மாவட்டங்களில் 18-இல்தான் முழுமையாக நடந்தது. வடக்கிலும் கிழக்கிலும் பல ஊர்களுக்கு எழுதுகிறவர் போகவே இல்லை. 1981-க்குப் பிறகு தீவு முழுவதும் வீடு வீடாக எழுதப்பட்டது 2012-இல்தான். நடுவில் அந்த மாவட்டங்களுக்குச் சொன்னதெல்லாம் மதிப்பீடுகளே.