உப்பளப் பாத்திக்குள் நடக்கும் இழுபறி

வாலிநோக்கம் பக்கத்து உப்பளத்தில் கையில் எடுக்கும் ஒரு கல் உப்பில், நேர்மின் சோடியம் அயனியும் எதிர்மின் குளோரைடு அயனியும் 0.28 நானோமீட்டர் இடைவெளியில் மாறி மாறி அடுக்கியிருக்கின்றன. இவற்றைப் பிடித்து வைத்திருப்பது மின்விசை. இதே இரண்டு அயனிகளுக்கு நடுவே உள்ள புவியீர்ப்பு வகை இழுப்போடு ஒப்பிட்டால், 1-க்குப் பின் 33 சுழியம் போட்ட அளவுக்கு இது பெரிது. உப்பை உருக்க 801 டிகிரி செல்சியஸ் தேவைப்படுவது இதனால்தான்.

அவ்வளவு இறுக்கமான கல், சாதாரணத் தண்ணீரில் கரைந்துவிடுகிறதே! நீர் மூலக்கூறின் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின். ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின். சோடியத்தை ஆக்சிஜன் முனைகளும் குளோரைடை ஹைட்ரஜன் முனைகளும் சூழ்ந்துகொள்கின்றன. ஒரு மோல், அதாவது 58.5 கிராம் உப்பைப் பிரித்தெடுக்க 787 கிலோஜூல் செலவு. நீர் சூழ்வதால் திரும்பி வருவது சுமார் 783. கிட்டத்தட்ட சரிக்குச் சரி. ஆகவே சூடு ஏற்றினாலும் கரைதிறன் பெரிதாக மாறாது: 100 கிராம் நீரில் 25 டிகிரியில் 36 கிராம், கொதிக்கும்போது 39. ஆறவைத்து உப்பு எடுக்க வழியில்லை, தண்ணீரைத்தான் விரட்ட வேண்டும். நீர் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கட்டும் ஹைட்ரஜன் பிணைப்புகளை அறுத்து ஒரு கிலோ நீரை ஆவியாக்க 2,400 கிலோஜூல் வேண்டும். வெயில் அதைக் கொடுக்கிறது, காற்று ஆவியை அள்ளிப் போகிறது.

உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் பூமே மானியில் கடல்நீர் 3 டிகிரி காட்டும். இனி வரும் டிகிரியெல்லாம் இந்த மானியின் டிகிரி, வெப்பம் அல்ல. 13-ஐத் தாண்டியதும் ஜிப்சம் படியத் தொடங்கும். அதை முன்பாத்திகளிலேயே விட்டுவிட வேண்டும். 25-இல் உப்பு பூக்கும். முதலில் நீர்மேல் வெள்ளைப் பொருக்கு மிதக்கும். உப்பு நீரைவிடக் கனம்தான், பரப்பு இழுவிசை தாங்குகிறது. பலகையால் லேசாகத் தட்டினால் அடியில் போய்விடும்.

29, 30 டிகிரியில் மிச்ச நீரைத் திறந்துவிட வேண்டும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். அந்த நீரில் மக்னீசியம் திரண்டிருக்கும். சோடியத்தைவிடச் சிறிய அயனி, மின்னூட்டமோ இரட்டிப்பு. நீரைப் பிடிக்கும் ஆற்றல் நாலு மடங்குக்கு மேல். கூடக் கொஞ்சம் உப்பு கிடைக்குமென்று வற்றவிட்டால், மக்னீசியம் குளோரைடு கற்களில் ஒட்டிக்கொள்ளும். தூய உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில்தான் நீர் இழுக்கும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 போதும். கடற்கரைக் காற்றில் ஈரம் பெரும்பாலும் அதைவிட அதிகம். மூட்டை கசிகிறது, உப்பு கசக்கிறது.

கசியும் உப்பை நல்ல தண்ணீரில் அலசக் கூடாது, உப்பே கரைந்து போகும். 25 டிகிரி பாத்தி நீரை ஊற்றி அலச வேண்டும். அதில் இனி உப்பு கரைய இடமில்லை. மக்னீசியம் மட்டும் கழுவிப் போகும்.